மூன்று தடவை படித்தும் ஏன் மறந்துபோகிறது?

மறக்காமலிருக்க ஒரு வழி நினைவுகூர்தல் பயிற்சி: புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைச் சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்ப்பது. திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். அதையே புரிந்ததாக நம்பிவிடுகிறோம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து பத்து முறை போன வழி, நாமே ஓட்டும்போது முதல் திருப்பத்திலேயே குழப்புமே, அதே கதை.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களுக்கு ஒரு பகுதியைக் கற்க நான்கு சுற்று கொடுத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, நான்கு சுற்றும் படித்தே கழித்தவர்கள்தான் முந்தினார்கள். (தேர்வுக்கு முந்தின இரவுப் படிப்பின் ரகசியம் இதுதான்!) ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, ஒரு சுற்று படித்து, மூன்று சுற்று நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 61.

சரி, சொல்ல வராமல் திணறினால்? ஞாபகசக்தி குறைவு என்று அர்த்தமில்லை. எந்தப் பத்தியைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதைத்தான் அது காட்டுகிறது.