‘டிட்’ போட்டாச்சா? அப்ப ‘வென்ட்’ வேண்டாம்: ஆங்கில இறந்தகாலம் பற்றி வாசகர் கேள்விகள்

கே: ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்று மெயில் எழுதினேன், மேனேஜர் சிரித்துவிட்டார். என்ன தப்பு?

ப: இறந்தகாலத்தை ‘டிட்’ காட்டிவிட்டது, அதற்குப் பிறகு வினை அடிப்படை வடிவத்தில்தான் வரும். ‘டிட் நாட் கோ’, ‘டிட் யூ கோ’. போன தடவையும் இதையேதான் சொன்னேன், அடுத்த தடவையும் சொல்லத்தான் போகிறேன்.

கே: ‘கோ, வென்ட்’ மாதிரி ஒழுங்கற்ற வினைகளை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

ப: மொத்தம் ஒரு இருநூறு தேறும். தினசரிப் புழக்கத்துக்கு அறுபது, எழுபது போதும். கட், புட், ஹிட் மாறவே மாறாது. ‘ரீட்’ எழுத்தில் மாறாது, வாயில் மட்டும் ‘ரெட்’.

கே: ‘வாக்’ இறந்தகாலத்தில் எப்படி ஒலிக்கும், ‘வாக்கெட்’டா, ‘வாக்ட்’டா?

ப: வாக்ட். வினை ஏற்கெனவே ‘ட்’ ஒலியில் முடிந்தால்தான் கடைசியில் தனி அசை வரும்: வான்டட், நீடட். மற்றதெல்லாம் ஒட்டிக்கொள்ளும்: ஸ்டாப்ட், ப்ளேய்ட்.

கே: பாஸ்ட் டென்ஸ் ஃபுல்லா சொல்லிக் கொடுங்க சார்.

ப: முடியாது. எங்கே இடிக்கிறதோ அந்த வாக்கியத்தை எழுதி அனுப்புங்கள்.

கே: ‘யெஸ்டர்டே ஐ ஹேட் கான் டு த பேங்க்’ என்று எழுதினேன். ‘வென்ட்’ போதும் என்கிறான் நண்பன். ‘ஹேட்’ போட்டால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமே?

ப: மரியாதையா! லீவ் லெட்டர், புகார் மனு, பயோடேட்டா எதை எடுத்தாலும் இந்த ‘ஹேட்’தான் முன்னால் வந்து நிற்கிறது. ‘ஐ ஹேட் கம்ப்ளீட்டட் பி.காம் இன் 2015’ என்று ஒருவர், ‘ஐ ஹேட் அப்ளைட் லாஸ்ட் வீக்’ என்று இன்னொருவர். நேற்று பேங்குக்குப் போயிருந்தேன் என்று தமிழில் சாதாரணமாகச் சொல்கிறோம், அதில் தப்பே இல்லை, ஆனால் அந்த ‘இருந்தேன்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஹேட்’ ஆகிவிடுகிறது. (ஹிந்திக்காரர்களும் ‘கயா தா’வை (போயிருந்தேன்) வைத்துக்கொண்டு இதே கூத்தைத்தான் அடிக்கிறார்கள்.) கடந்துபோன இரண்டு சம்பவங்களில் எது முந்தியது என்று காட்டத்தான் ஆங்கிலத்தில் ‘ஹேட்’. ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’ என்றால் நான் போவதற்குள் ரயில் போய்விட்டது. ‘த ட்ரெயின் லெஃப்ட்’ என்றால் நான் போய்ச் சேர்ந்ததும் கிளம்பியது. நீங்கள் பேங்குக்குப் போனது ஒரே சம்பவம், அதற்கு ‘வென்ட்’ போதும். இரண்டு சம்பவம் இருந்தாலும் ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’ போட்டுவிட்டால் வரிசை தானே தெரிந்துவிடும், அங்கேயும் பெரும்பாலும் ‘ஹேட்’ தேவைப்படாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு ‘ஹேட்’டையும் அடித்துவிட்டு சிம்பிள் பாஸ்டில் (வெறும் ‘வென்ட்’, ‘லெஃப்ட்’ மாதிரி) படித்துப் பாருங்கள். அர்த்தம் மாறவில்லையா? அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும்.

கே: ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ சரியா?

ப: இல்லை. நேற்று, போன வாரம், 2019இல் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ‘ஐ ஸா ஹிம்’. நேரம் சொல்லாமல் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொல்வதானால் ‘ஹேவ் சீன்’. முதலில் காலச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: தினமும் காபி குடிப்பேன். ‘ஐ யூஸ்ட் டு ட்ரிங்க் காஃபி டெய்லி’ சரிதானே?

ப: காபியை விட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் ‘ஐ ட்ரிங்க்’.

கே: ‘ஐ ஆம் பார்ன் இன் 1990’?

ப: ‘வாஸ்’. இதற்குமா ஒரு கடிதம்?