கோழி போட்ட வரி

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் பிரம்மாண்டமான பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறார். நாங்கள் கோழித் தீவனம் ஏற்றும் குட்டி யானையைப் பார்த்துச் சிரிக்கிறார். நாமும் பெரிய வண்டிக்கு மாறுவது எப்போது?
– ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: மைத்துனர் சிரிக்கட்டும். கோழி என்று எழுதினீர்களே, அதைப் பிடித்துக்கொள்கிறேன். அவர் வீட்டு வாசலில் அந்த வண்டி நிற்பதற்குக் கோழியும் ஒரு காரணம்.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க பிராய்லர் கோழி ஐரோப்பாவில் அடிமாட்டு விலைக்குப் போய் இறங்கியது. அங்குள்ள பண்ணைக்காரர்கள் கூப்பாடு போட, மேற்கு ஜெர்மனியும் பிரான்சும் வரியை ஏற்றின. பதிலுக்கு ஜனாதிபதி ஜான்சன் 1963 டிசம்பரில் வெளிநாட்டு ஸ்டார்ச், பிராந்தி, சிறிய லாரி ஆகியவற்றின் மேல் 25 சதவீதம் போட்டார். 'கோழி வரி' என்றே பேர். ஸ்டார்ச்சும் பிராந்தியும் பின்னால் தப்பித்துவிட்டன, லாரி மாட்டிக்கொண்டது. எந்த நாடானாலும் பிராந்திக்கு மட்டும் ஒரு வழி பிறந்துவிடுகிறது! (மதுவிலக்கு பற்றி எழுதினால் சந்தாவை நிறுத்துவேன் என்று மிரட்டும் அன்பர் இதைப் படிக்காமல் தாண்டிப் போகவும்.)

வரிக்குத் தண்ணி காட்டவும் ஆள் இருந்தார்கள். சுபாரு கம்பெனி 'பிராட்' என்ற குட்டி பிக்கப்பில், சாமான் வைக்கும் இடத்தில் பின்பக்கம் பார்த்தபடி இரண்டு பிளாஸ்டிக் சீட்டைப் பொருத்தி, "இது லாரி இல்லை, கார்" என்று கொண்டுபோய் இறக்கியது. பின்னாளில் ஜனாதிபதியான ரீகனே தன் பண்ணையில் ஒன்று வைத்திருந்தார். ஃபோர்டு இன்னும் கில்லாடி. துருக்கியில் செய்த வேனைப் பின் சீட்டுகளோடு கப்பலேற்றி, அமெரிக்காவில் இறங்கியதும் சீட்டைக் கழற்றிவிட்டு சரக்கு வேனாக விற்றது. அதற்காக 2024-இல் அமெரிக்க அரசுக்கு 36.5 கோடி டாலர் கொடுத்துக் கணக்கு முடித்தது. நம்மவர்கள் நேர்மையானவர்கள், சீட்டே போடாமல் இருபது பேரை ஏற்றிக் காதுகுத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றாதீர்கள் என்று இன்னும் எத்தனை முறை எழுதுவது?

சின்ன வண்டிக்குக் கதவடைத்தாயிற்றா? அப்புறம் அமெரிக்காவில் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. நான்கு சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பு அதிகமானால் மைலேஜ் இலக்கில் சலுகை. கம்பெனிக்காரன் என்ன செய்வான்? பரப்பைக் கூட்டுவான்.

மைத்துனரிடம் ஒரு டேப்பைக் கொடுத்து வண்டியின் பின்பக்கத்தை அளக்கச் சொல்லுங்கள். நான்கு கதவு ஃபோர்டு எஃப்-150 ஏறக்குறைய 19 அடி நீளம், அதில் சாமானுக்குப் பெரும்பாலும் ஐந்தரை அடிதான். 2005-இல் வந்த டாடா ஏஸ், அதாவது உங்கள் குட்டி யானை, மொத்தமே பன்னிரண்டரை அடி. பின்னால் ஏழு அடி! இரண்டு சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன், முக்கால் டன் சரக்கு. கட்டில், பீரோ, கிரைண்டர், மேலே துளசித் தொட்டி என்று ஒரு குடித்தனமே கயிறு கட்டிப் போகிறது. ஜப்பானில் 'கெய்' என்று சொல்லும் 660 சிசி குட்டி லாரி இன்னும் சின்னது. 11 அடி, மூன்று பக்கமும் கதவு மடியும். படகையும் குதிரை ஏற்றிய டிரெய்லரையும் இழுத்துப் போகிறவருக்குப் பெரிய வண்டி வேண்டும்தான், மறுக்கவில்லை. மைத்துனர் எதை இழுக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை.

 

சரி, எப்போது மாறுவது என்றல்லவா கேட்டீர்கள்? தீவனம் முக்கால் டன்னைத் தாண்டும்போது. அப்போதும் பிக்கப் வேண்டாம், ஒரு டாடா 407 லாரி எடுங்கள்.