ஒரு காபி, நாலு மணி நேரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஆறேழு வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. பிறந்து வளர்ந்தது கோபாலபுரம். இப்போது நியூ ஜெர்சி.

போன டிசம்பரில் குடும்பத்தோடு சென்னை வந்திருந்தேன். என் மகனுக்குப் பதினேழு வயது. கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் பற்றி அவனிடம் சிறு வயதிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். மூடிவிட்டார்கள் என்பது தெரியும். இருந்த இடத்தையாவது காட்டலாம் என்று கூட்டிப்போனேன். டிக்கெட் வாங்கிக்கொண்டு செம்மொழிப் பூங்காவுக்குள் நுழைந்தோம். “எந்த இடம்ப்பா?” என்று கேட்டான். மரங்களை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “இங்கதான் எங்கேயோ” என்றேன். அவன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

1986 முதல் 90 வரை நாங்கள் ஐந்து பேர் தினமும் சாயங்காலம் நாலு மணி நேரம் அங்கே இருப்போம். ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டு காபி. 1992இல் எனக்கு விசா கிடைத்தபோது எதிரே இருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்திலிருந்து அப்பாவும் நானும் நேராக அங்கேதான் வந்தோம். அவர் எனக்கு வெளியில் வாங்கிக்கொடுத்த கடைசி ரவா தோசை அது.

டிரைவ்-இன் இல்லை. சஃபையர் தியேட்டர் இல்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலை தாசப்பிரகாஷ் இல்லை. ஒரு ஹோட்டலைக்கூடக் காப்பாற்றத் தெரியாத ஊராகிவிட்டதே என்று கோபமாக வருகிறது. நீங்களெல்லாம் டிரைவ்-இன்னிலேயே குடியிருந்தவர்கள் என்று உங்கள் கட்டுரைகளில் படித்திருக்கிறேன். அப்புறம் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? அப்படி உட்கார்ந்து பேச இன்று சென்னையில் ஓர் இடமாவது இருக்கிறதா?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

குடியிருந்தது உண்மைதான். வாடகை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் அங்கே போனது எழுத்தாளனாக இல்லை. 1984லிருந்து ஏழு வருடம் மெடிக்கல் ரெப்பாக இருந்தேன். தோல் பை, கழுத்தை இறுக்கும் டை, பை நிறைய சாம்பிள். ஒரு நாளைக்குப் பத்து டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. ஆறு பேரை ஆஸ்பத்திரிகளில் பார்ப்போம். மிச்ச நான்கு பேரை டிரைவ்-இன் மேசையில் உட்கார்ந்து டெய்லி ரிப்போர்ட்டில் பார்ப்போம். ஒருநாள் இரண்டு மேசை தள்ளி எங்கள் ஏரியா மேனேஜர் உட்கார்ந்திருந்தார். தலை நிமிரவில்லை. அவரும் ரிப்போர்ட்தான் எழுதிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த வருடம் எனக்கு இன்கிரிமென்ட் வந்தது.

நீங்கள் வந்த மாலை நேரங்களை விட்டுவிடுங்கள். காலையில் அந்த இடம் வேறு மாதிரி இருக்கும். ஏழு மணிக்கு விசாக்காரர்கள் வந்துவிடுவார்கள். கையில் ஃபைல், நெற்றியில் விபூதி, கூடவே பிள்ளையைவிட அதிகமாகப் பயந்துபோன ஒரு அப்பா. இட்லியைப் பிட்டு வாயில் வைத்துக்கொண்டே எதிர்ப் பக்கத்து வரிசை எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்ப்பார்கள். பத்து மணி வாக்கில் நாங்களும் எல்.ஐ.சி. ஏஜென்ட்களும். பதினொன்றரைக்கு சினிமா உதவி இயக்குநர்கள். கதை சொல்லும்போது அவர்கள் கை போகும் வேகத்தில் பக்கத்து மேசைக் காபி ஆடும். சாயங்காலம்தான் குடும்பங்கள். மரத்தடியில் பியட்டையும் அம்பாஸடரையும் நிறுத்தி, கதவுக் கண்ணாடியில் தட்டை மாட்டிக்கொண்டு சாப்பிடுவார்கள். பின்சீட்டில் ஒரு பாட்டி காக்காயை விரட்டிக்கொண்டிருப்பாள்.

காரில் வருகிறவர்களுக்காக 1962இல் திறந்த ஹோட்டல் அது. கார் இல்லாதவர்கள் அதைப் பிடித்துக்கொண்டோம். முதலாளி கிருஷ்ண ராவ் இதை எதிர்பார்த்திருப்பாரா தெரியாது. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, சமையல்கட்டில் எடுபிடி வேலையில் தொடங்கி, 1938இல் ராயப்பேட்டையில் முதல் உட்லண்ட்ஸை நடத்தக் கிளம்பிய மனிதர். கணக்குத் தெரியாதவர் இல்லை. ஐந்து பேருக்கு இரண்டு காபி வாங்கிக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்த உங்களை எழுப்பிவிட வேண்டாம் என்று அந்த ஹோட்டல் எப்படி விட்டுவைத்தது? பெரிய மனசு என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனசு இருந்திருக்கும். அதைவிட முக்கியமாக நிலம் இருந்தது. ஏக்கர்கணக்கில், அண்ணா மேம்பாலத்தின் காலடியில், குத்தகைக்கு. அது அரசாங்க நிலம். நாம் உட்கார்ந்த நாற்காலிக்குக் கீழே இருந்த தரை சந்தை விலையில் வாங்கியதாக இருந்திருந்தால், காபி தம்ளர் காலியான ஐந்தாவது நிமிடம் பில் வந்திருக்கும். கோபாலபுரத்துக்காரருக்கு அந்தப் பக்கத்து மனை விலையை நான் சொல்ல வேண்டியதில்லை.

2008இல் அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது, ஹோட்டல் மூடியது. 2010 நவம்பர் 24ஆம் தேதி அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தார்கள். சுமார் இருபது ஏக்கர். பழைய மரங்களை விட்டுவைத்தார்கள். நீங்கள் மரத்தை வைத்துத் தேடியது சரியான வழிதான். முப்பது வருடத்தில் மரமும் பெருத்துவிடும் என்பதை மறந்துவிட்டீர்கள்.

ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். 2008இல் யாராவது ஒரு தாளை நீட்டியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். மூடுவதற்கு முந்தைய வாரம் மூன்று நாள் தொடர்ந்து போனேன். கூட்டம் தாங்கவில்லை. பத்து வருடமாக எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் உட்பட. ஆனால் இன்று அதே தாளை நீட்டினால் போட மாட்டேன். பொது நிலத்தில் ஒரு தனியார் ஹோட்டல் என்றைக்கும் இருக்க வேண்டும், ஏனென்றால் நான் அங்கே வாலிபத்தில் உட்கார்ந்திருந்தேன் என்று எந்த அதிகாரியிடம் போய்ச் சொல்வது? வருத்தம் இருக்கிறது. அநியாயம் நடந்ததாக நினைக்கவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று தங்கையிடம் அதைப் படித்துக் காட்டினேன். அவள் படித்தது ஸ்டெல்லா மாரிஸில். அதே கதீட்ரல் சாலை, நடந்துபோகிற தூரம். மூன்று வருடத்தில் டிரைவ்-இன்னுக்கு எத்தனை தடவை போனாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “ஒரே தடவைண்ணா” என்றாள். அதுவும் பெண் பார்க்கும் படலம். வீட்டில் வைத்தால் பேச்சு கிளம்பும், கோயிலில் வைத்தால் தெரிந்தவர்கள் வருவார்கள் என்று டிரைவ்-இன்னில் வைத்தார்கள். போண்டா கேட்கக் கூடாது, வாய் பெரிதாகத் திறக்கும் என்று அம்மா சொல்லிக் கூட்டிப்போனாளாம். அந்த வரன் அமையவில்லை. போண்டாவும் அமையவில்லை.

அப்புறம் அவள் ஒன்று கேட்டாள். “நாலு மணி நேரம் எப்படிண்ணா உட்கார்ந்திருந்தீங்க? வீட்ல தேட மாட்டாங்களா?” எனக்குச் சொல்லப் பதில் இல்லை. உங்கள் ஐந்து பேரில் பெண் யாராவது உண்டா? அவள் போன மாதம் தோழி ஒருத்தியோடு அந்தப் பூங்கா பெஞ்சில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறாள். காபி இல்லை என்பது மட்டும்தான் அவளுடைய குறை.

இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் வழக்கமாக உட்காரும் பக்கம் ஒரு சர்வர் இருந்தார். குந்தாபுரத்துக்காரர். தமிழைக் கன்னடத்தில் தோய்த்துப் பேசுவார். நாங்கள் வருவதைப் பார்த்ததும் கேட்காமலே காபி வந்துவிடும். மாசக் கடைசியில் பில் எழுதும் கை கொஞ்சம் மெதுவாகும். எங்களைப் பிடித்துப்போய்த்தான் இப்படி என்று நாங்கள் நம்பினோம். நான் எழுதிய முதல் கதையில் அவர் வருகிறார், ஞானிபோல. இப்போது படித்தால் கூசுகிறது.

ஹோட்டல் மூடி மூன்று வருடம் கழித்து தி.நகரில் ஒரு கல்யாணம். பந்தியில் ரசம் விட்டுக்கொண்டு வந்தவர் என் இலைக்கு எதிரே நின்றார். அவர்தான். கேட்டரிங்கில் சேர்ந்திருந்தார். பந்தி முடிந்ததும் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு கவிழ்த்த அண்டாமேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிச் சுருட்டி நின்றது. அந்த இடமெல்லாம் ஞாபகம் வருகிறதா என்று உருக்கமாக ஆரம்பித்தேன்.

“மறக்க முடியுமா சார்? கால் தினம் ராத்திரி ஞாபகப்படுத்துது” என்றார்.

அப்புறம் சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். சர்வருக்குச் சம்பளம் ஒரு கை, டிப்ஸ் ஒரு கை. மேசை எத்தனை தடவை மாறுகிறதோ அத்தனை டிப்ஸ். நாங்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த மேசை அவருக்கு அன்றைக்குப் போயிற்று. எழுப்பினால் முதலாளி கோபிப்பார், வாடிக்கைக்காரர்கள். “அதான் சீக்கிரம் காபியைக் குடுத்துட்டா சீக்கிரம் எழுந்து போவீங்கன்னு கேக்காமலே கொண்டுவருவேன். நீங்க போக மாட்டீங்க.” அவருடைய பையன் மங்களூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். ஹோட்டல் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவைத்திருப்பதாகச் சொன்னார். அன்று அவர் கையில் ஏதோ கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். எவ்வளவு என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

நம்முடைய அந்த நாலு மணி நேரத்துக்குப் பில் வந்திருக்கிறது. வேறு மேசைக்குப் போயிருக்கிறது. இதற்காக நீங்கள் அந்த ரவா தோசையை நினைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நானும் அந்த சன்னா பட்டூராவைக் கனவில் பார்க்கிறவன்தான்.

மற்ற இடங்களும் பெரும்பாலும் இதே கதைதான். சஃபையர் 1964இல் வந்தது, 94இல் போனது. அதே வளாகத்தில் இருந்த புளூ டைமண்டில் தொடர் காட்சி. ஒரு டிக்கெட் எடுத்தால் எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். மே மாதத்தில் மெட்ராஸ் ரெப்கள் பாதிப் பேர் அங்கே ஏ.சி.யில் தூங்கினோம். படம் பார்த்தவர்களும் உண்டு என்று கேள்வி. தூங்க இடம் கொடுத்த தியேட்டர் எப்படி நிற்கும்?

பாரிமுனையில் நான் சாப்பிட்ட மெஸ்ஸை எந்த அரசும் மூடவில்லை. 2002இல் அங்கிருந்த வெளியூர் பஸ்ஸெல்லாம் கோயம்பேட்டுக்குப் போனது, ஒரே வருடத்தில் இலை போட ஆள் இல்லை. கோயம்பேட்டை நம்பிக் கடை போட்டவர்கள் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபோது அதையே பட்டார்கள். பழைய தெருக்களில் பல ஹோட்டல்களைத் தாங்கிப்பிடித்தது 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2019இல் அதன் இடத்துக்குப் புதுச் சட்டம் வந்தது. கட்டடக்காரருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தச் சட்ட விவகாரத்தை ஆரம்பித்தால் பதில் முடியாது, விடுகிறேன்.

மகனிடம் இடத்தைக் காட்ட முடியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் காட்ட வேண்டியது ஹோட்டல் இருந்த இடத்தை இல்லை என்று தோன்றுகிறது. எதிர்ப் பக்கம் தூதரக வாசலைக் காட்டி, தாத்தா அன்று எந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார் என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் உள்ளே இருந்த நேரத்தில் அவர் டிரைவ்-இன்னில் தனியாக உட்கார்ந்திருந்தாரா, வெயிலில் நடைபாதையிலேயே நின்றாரா? அவர் இருந்தால் கேளுங்கள். அந்த வயதுப் பையனுக்கு அது பிடிக்கும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். உட்கார்ந்து பேச இடம் உண்டா? ஏ.சி. காபிக் கடைகள் தெருவுக்கு ஒன்று இருக்கின்றன. லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அரை நாள் இருக்கிறார்கள், யாரும் எழுப்புவதில்லை. அந்த நாற்காலி வாடகை காபி விலையிலேயே சேர்ந்திருக்கிறது, அதனால் ஒரு விதத்தில் நம்மைவிட அவர்கள் நேர்மையானவர்கள். எனக்குத்தான் அந்தக் காபி இறங்க மாட்டேன் என்கிறது.

சாப்பிட மட்டும் என்றால் இன்னும் இருக்கின்றன. திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948லிருந்து நடக்கிறது. சாம்பாரை இட்லி மூழ்க ஊற்றுவார்கள். மயிலாப்பூரில் ராயர் கஃபே இருக்கிறது. அடுத்த முறை வரும்போது எழுதுங்கள், பையனையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே ராயர் கஃபேக்குப் போகலாம். சின்ன இடம். வெளியே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும். கெட்டிச் சட்னி தீர்வதற்குள் உள்ளே போய்விட வேண்டும். ஒன்று மட்டும். காபியைக் குடித்ததும் எழுந்துவிட வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பார்கள். பேச்சை ஃபிளாஸ்க் காபியோடு பூங்காவில் வைத்துக்கொள்ளலாம். ஃபிளாஸ்க்கை வாசலில் உள்ளே விடுகிறார்களா என்று தங்கையை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்.