மூன்றாம் காலத்தில் கை சிக்கினால் மிருதங்கத்தை மாற்ற வேண்டுமா?

கோவை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வயது 38. ஒன்றரை வருடமாக மிருதங்கம் கற்கிறேன். 'கிடதக தரிகிட தொம்' என்ற சொற்கட்டு இரண்டாம் காலம் (இரட்டிப்பு வேகம்) வரை சுத்தமாக வருகிறது. மூன்றாம் காலத்தில் (அதற்கும் இரட்டிப்பு) கை சிக்கிக்கொள்கிறது, பத்தே நிமிடத்தில் முன்னங்கை கல்லாகிவிடுகிறது. தெரிந்தவர் ஒருவர் என் வாத்தியம் மந்தம் என்கிறார், நல்ல பண்ருட்டிப் பலாவில் ஒன்று வாங்கித் தருகிறாராம், முன்பணமும் கேட்கிறார். வாங்கலாமா? வேகம் சீக்கிரம் வர வேறு வழி உண்டா?"

முதலில், வாங்காதீர்கள். இரண்டாம் காலத்தில் நன்றாகப் பேசுகிற வாத்தியம் மூன்றாம் காலத்தில் மட்டும் மந்தமாகிவிடாது.

பிரச்சினை கணக்கில் இருக்கிறது. நொடிக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொண்டால் முதல் காலத்தில் நிமிடத்துக்கு 60 அடி, இரண்டாம் காலத்தில் 120, மூன்றாம் காலத்தில் 240. 120-க்கும் 240-க்கும் நடுவே 150, 180, 200 என்று எத்தனையோ வேகங்கள் இருக்கின்றன, அங்கெல்லாம் உங்கள் கை ஒருநாளும் போனதில்லை. பாதிப் படிக்கட்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு மாடிக்குத் தாவச் சொன்னால் யாருக்குத்தான் முடியும்?

அதனால் காலத்தை மாற்றாதீர்கள், தாளத்தின் வேகத்தைக் குறையுங்கள். போனில் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் செயலி ஒன்றைப் போட்டு நிமிடத்துக்கு 40 தட்டு என்று வையுங்கள். ஒரு தட்டுக்கு நாலு எழுத்து (நாலு அடி), அதாவது அதே மூன்றாம் காலம்தான், ஆனால் நிமிடத்துக்கு 160 அடி. ஐந்து நிமிடம் வாசியுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து சுத்தமாக வந்தால் 42, அப்புறம் 44. குழறினால் கூச்சப்படாமல் நாலு எண் கீழே இறங்குங்கள். 60-க்குப் போக இப்படிப் பத்துப் படிதான். எத்தனை நாளாகும் என்று நான் சொல்ல மாட்டேன், '30 நாளில் மூன்றாம் காலம்' என்று வாட்ஸ்அப்பில் வகுப்பு விற்கிறவர் சொல்லுவார், அங்கேயும் பணம் கட்டாதீர்கள்.

முன்னங்கை கல்லாவது ஏன் தெரியுமா? வேகம் கூடும்போது நீங்கள் பலத்தையும் சேர்த்துக் கூட்டுகிறீர்கள். தோள் தூக்குகிறது, முழங்கை இறுகுகிறது, விரல் தோலை விட்டு ஒரு சாண் மேலே போய்விட்டுத் திரும்பி வருகிறது, அதற்குள் அடுத்த எழுத்து வந்து நிற்கிறது. வேகமாக வாசிக்கும்போது விரல் உயரம் குறைய வேண்டும். பக்கத்து அறையில் இருப்பவருக்குக் கேட்காத அளவு மெதுவாக அடித்துப் பாருங்கள், கை தானாகத் தளரும். சத்தத்தை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம். கையோடு தாளம் போட்டு வாயால் சொல்லிப் பாருங்கள், வாயில் உருளாத சொல் விரலில் உருளாது. கூர்மையாக வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

சரி, அந்தப் 'பண்ருட்டிப் பலா'வுக்கு வருவோம். பண்ருட்டிப் பலாவுக்குப் பெயர் உண்டு, உண்மைதான், ஆனால் சாயம் பூசி வார் பிடித்த கட்டையைப் பார்த்து அது எந்த ஊர் மரம் என்று உங்களால் சொல்ல முடியுமா? தரகருக்கும் அது தெரியும். வேகம் வரவில்லை என்று யாராவது புலம்பினால் போதும், மரம் சரியில்லை, தோல் மூட்டு சரியில்லை, சின்ன சைஸ் எடுங்கள், வாருக்குப் பதில் போல்ட் வைத்தது எடுங்கள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கரணை (தோலின் நடுவிலுள்ள கறுப்புப் பூச்சு) உதிர்ந்திருந்தால், தோல் கிழிந்திருந்தால், மிருதங்கம் செய்கிறவரிடமே நேராகக் கொண்டுபோய்க் கொடுங்கள். உழைப்பு அவருடையது, நடுவில் நிற்பவருக்கு எதற்குப் பங்கு?

இதில் வாத்தியார்களுக்கும் பங்கு இருக்கிறது. ஆறு மாதத்தில் நோட்டு நிறையத் தாளக் கோர்வை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பெற்றோருக்கு அரங்கேற்றத் தேதி வேண்டும், தேர்வுக்கு மூன்று காலமும் வேண்டும். கை எப்படி விழுகிறது என்று குனிந்து பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு. நீங்கள் இடக்கைப் பழக்கம் உள்ளவரா? கடிதத்தில் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். இடக்கைக்காரர்களை வலது கையால் வலந்தலை (கரணை உள்ள முகம்) வாசிக்க வைக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. காரணம் கையல்ல, மேடை. மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கம் உட்கார்ந்தால்தான் வலந்தலை சபையைப் பார்க்கும். இடக்கைக்காரர் என்றால் பக்கம் மாற வேண்டும், வயலின்காரரும் எழுந்து இடம் மாற வேண்டும், அதற்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவருக்கே இந்தத் தொல்லை இருந்தது, பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் துணை நின்றார்கள். ஆகவே நீங்கள் இடக்கைக்காரராக இருந்து, வலது கை மட்டும் எப்போதும் பின்தங்கினால், ஒரு மாதம் வாத்தியத்தைத் திருப்பிப் போட்டு 40-லிருந்து தொடங்கிப் பாருங்கள். அதே கிடதக லேசாக உருண்டால் வாத்தியாரிடம் பேசுங்கள். எல்லாருக்கும் இதைச் சொல்லவில்லை. வலக்கைக்காரருக்கு இடது கை பின்தங்குவது சகஜம், அதற்குத் திருப்பிப் போட வேண்டாம், தொப்பியில் (இடது கை வாசிக்கும் முகத்தில்) தனியாகப் பயிற்சி செய்தால் போதும்.

முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்றும் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கே திரும்பக் கேளுங்கள், கட்டையை அறுத்தாகிவிட்டது என்பார், எங்கே, காட்டுங்கள் என்று நேரில் போய் நில்லுங்கள்.