வேலையைப் பறிக்கிறோமா? முதலில் உங்கள் எல்சிஏ-வைப் படியுங்கள்

தம்பி, அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் முடித்து ஓபிடியில் (படிப்புக்குப் பின் மாணவர் விசாவிலேயே வேலை பார்க்கும் அனுமதி) இருக்கிறீர்கள், ஒரு தேசி கன்சல்டன்சி (நம் ஊர்க்காரர் நடத்தும், ஆட்களை வேறு கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்பும் நிறுவனம்) மூலமாக விசா லாட்டரியில் பெயர் வந்துவிட்டது, அக்டோபர் 1 முதல் எச்-1பி வேலை விசா. வாழ்த்துகள். நான்கு விஷயம் கேட்டிருக்கிறீர்கள்: அமெரிக்கர் வேலையைப் பறிக்கிறோம் என்கிறார்களே, அது நிஜமா, க்ளையண்ட் ஆபீசில் யாராவது முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னால் என்ன செய்வது, எந்தக் கார் வாங்கலாம், கல்யாணம் ஆனால் மனைவி வேலைக்குப் போகலாமா. காரைப் பற்றி ஆளாளுக்கு ஒரு மகாபாரதம் வைத்திருப்பார்கள், அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மனைவி எச்-4 என்ற துணைவர் விசாவில் வந்தால், உங்கள் கிரீன் கார்டுக்காக முதலாளி போடும் ஐ-140 மனு ஒப்புதல் ஆகும்வரை பொதுவாக வேலைக்குப் போக முடியாது. முதல் கேள்விதான் முக்கியம். அதில் இரண்டு பக்கமும் உளறுகிறார்கள்.

முதலில் நம் ஆட்களின் உளறல். "தகுதியான அமெரிக்கர் கிடைக்காத இடத்துக்குத்தான் சட்டப்படி நம்மை எடுக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் மார்தட்டுவார்கள். எச்-1பி சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை சாதாரண முதலாளிக்குக் கிடையாது. அமெரிக்கரைத் தேடிப் பார்த்தேன் என்று அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. தொழிலாளர் துறையிடம் எல்சிஏ என்ற ஒரு படிவத்தில் உறுதிமொழி கொடுத்தால் போதும்: அதே வேலையில் தன்னிடம் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம், அந்த வட்டாரத்தில் நிலவும் சம்பளம், இரண்டில் எது அதிகமோ அதைத் தருவேன், மற்றவர்களின் பணி நிலைமை கெடாது, வேலைநிறுத்தமோ கதவடைப்போ இல்லை, ஊழியர்களுக்குத் தெரியும்படி அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன். துறை ஏழு வேலை நாளில் முத்திரை குத்தி அனுப்பிவிடும். படிவம் முழுமையாக இருக்கிறதா, கண்ணுக்குத் தெரியும் பிழை உண்டா என்பதைத்தான் பார்க்கும்.

அமெரிக்கரைத் தேடும் வேலை கிரீன் கார்டுக்கான பெர்ம் என்ற தொழிலாளர் சான்றிதழ் கட்டத்தில்தான் வருகிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாள் விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அலுவலகத்தில் 30 நாள் பதிவு, அதற்கு மேல் மூன்று வழிகளில் ஆள்தேடல். அதிலும் யார் கண்ணிலும் படாமல் விளம்பரம் செய்யும் வித்தை நடந்தது. பெர்ம் வேலைகளுக்கு மட்டும் தபாலில் விண்ணப்பம் கேட்டார்கள் என்ற புகாரில் நீதித் துறையோடு பேஸ்புக் 2021-இல் 1 கோடியே 42.5 லட்சம் டாலருக்கும், ஆப்பிள் 2023-இல் 2.5 கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டன. அமெரிக்கர் கோபப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. 51 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனத்தில் 15 சதவீதமோ அதற்கு மேலோ எச்-1பி ஆட்கள் இருந்தால் அது 'எச்-1பி சார்ந்த' நிறுவனம். அமெரிக்கரை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் எச்-1பி ஆளை உட்காரவைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அதற்கு உண்டு. ஆனால் ஆண்டுக்கு 60,000 டாலர் கொடுத்தாலோ, ஆள் அந்தத் துறையில் மாஸ்டர்ஸ் படித்தவராக இருந்தாலோ கட்டுப்பாடு செல்லாது. அந்த 60,000 என்பது 1998-இல் எழுதிய தொகை. இத்தனை வருட விலைவாசிக்குப் பிறகும் அதைத் திருத்த நாடாளுமன்றத்தில் கை எழும்பவில்லை. ஒர்லாண்டோ டிஸ்னியில் 2015 தொடக்கத்தில் சுமார் 250 ஐடி ஊழியர்களை அனுப்பினார்கள்; பலர் போகும் முன், தங்கள் இடத்துக்கு வந்த எச்-1பி ஆட்களுக்கே வேலை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. தெற்குக் கலிபோர்னியா எடிசன் மின் நிறுவனத்திலும் அதே காலத்தில் இதே கதை. டிஸ்னி ஊழியர்கள் போட்ட வழக்கு நிற்கவில்லை, ஏனென்றால் சட்டம் அதற்கு இடம் கொடுத்துத்தான் வைத்திருக்கிறது.

இப்போது எதிர்ப் பக்கத்தின் உளறல். ஒரு எச்-1பி வந்தால் ஒரு அமெரிக்கர் தெருவுக்கு வருகிறார் என்று கூட்டிக் கழிப்பார்கள். வேலை என்பது எண்ணி வைத்த நாற்காலி அல்ல. பெரி, ஷி, ஸ்பார்பர் என்ற மூன்று பொருளியலாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி அறிவியல், தொழில்நுட்ப ஆட்கள் அதிகம் வந்த நகரங்களில் பட்டம் படித்த உள்ளூர்க்காரர்களின் சம்பளம் கூடியிருந்தது. டோரன், கெல்பர், ஐசன் மூவரும் 2006, 2007 லாட்டரியை வைத்துப் பார்த்ததில், லாட்டரி விழுந்த நிறுவனத்தில் எச்-1பி ஆள் வேறு ஊழியர்களின் இடத்தை ஓரளவு பிடித்துக்கொள்கிறார் என்று வந்தது. இரண்டும் முரண் போலத் தெரியும். ஒன்று நகரத்தை அளக்கிறது, மற்றது ஒரு நிறுவனத்தின் உள்ளே அளக்கிறது, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் சண்டையின் மூலம் சம்பளத்தில் இருக்கிறது. எல்சிஏ-வில் ஒன்று முதல் நான்கு வரை சம்பள நிலை உண்டு. ஒரே வட்டாரத்தில் ஒரே வேலை பார்க்கும் 100 பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து 17-வது ஆள் வாங்குவது நிலை ஒன்று, 34-வது ஆள் நிலை இரண்டு, 50 மூன்று, 67 நான்கு. நிலை ஒன்று என்பது மேற்பார்வையில் வேலை கற்கும் புதியவருக்கானது. அதே படிவத்தில் நிலை ஒன்று போட்டுவிட்டு, ரெஸ்யூமேயில் எட்டு வருட அனுபவம் ஏற்றி, க்ளையண்டிடம் சீனியர் என்று விற்கும் கன்சல்டன்சிகள் ஏராளம். வித்தியாசம் முழுதும் நடுவில் இருப்பவர்கள் பையில் போகிறது. அமெரிக்கரின் பேரம் பேசும் பலத்தையும் உங்கள் பலத்தையும் ஒரே நேரத்தில் உடைப்பது அதுதான். லாட்டரிப் பதிவில் எந்தச் சம்பள நிலையோ அத்தனை முறை பெயரைக் குடத்தில் போடும் புதிய தேர்வு விதி இந்தக் கோபத்திலிருந்து பிறந்ததே. அதற்காகப் பதிவில் நிலையை உயர்த்திக் காட்டி, மனுவில் வேலை விவரம் பொருந்தாமல் போனால் மனு அடிபடும். உங்கள் பதிவில் எந்த நிலை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒய்2கே காலத்திலும் (2000-ஆம் ஆண்டுத் தேதிக் கோளாறைக் கணினிகளில் சரிசெய்த காலம்) டாட்காம் காலத்திலும் வந்தவர்களிடம் கேட்டால் இந்த வியாபாரத்தின் தொடக்கம் தெரியும். 1990 சட்டத்தில் 65,000 என்றிருந்த வரம்பை 1999-இல் 1,15,000 ஆகவும், 2001 முதல் மூன்று ஆண்டுக்கு 1,95,000 ஆகவும் ஏற்றினார்கள். ஏற்றிய நேரம் பார்த்துச் சந்தை சரிந்தது. கன்சல்டன்சியின் இரண்டு படுக்கையறை கெஸ்ட் ஹவுசில் எட்டுப் பேர் புராஜெக்ட் இல்லாமல், அதாவது பெஞ்சில், கிடப்பார்கள். யாருக்காவது ஃபோன் இன்டர்வியூ வந்தால் கெட்டிக்காரன் ஒருவன் ப்ராக்சியாக, அதாவது அவன் பெயரில், பேசுவான். வேலை போன அன்றே ஸ்டேட்டசும் (நாட்டில் சட்டப்படி இருக்கும் தகுதி) போகும்; இன்றைய 60 நாள் அவகாசம் 2017-இல்தான் வந்தது. அந்தக் கெஸ்ட் ஹவுசிலிருந்து எழுந்து வந்தவர்களிலேயே சிலர் இன்று கன்சல்டன்சி முதலாளிகள். பட்ட அடியை மறக்காமல் அப்படியே அடுத்தவனுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இன்னும் சிலர் கிரீன் கார்டு கைக்கு வந்த மறுநாளே "கதவைச் சாத்துங்கள், தரம் போய்விட்டது" என்கிற கட்சி. இந்த இரண்டு வகையினரிடமும் ஆலோசனை கேட்காதீர்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை. அக்டோபர் 1-க்குள் புராஜெக்ட் கிடைக்காவிட்டாலும் சம்பளம் ஓட வேண்டும். உள்ளூரிலேயே ஸ்டேட்டஸ் மாறுபவருக்கு 60 நாளுக்குள்ளும், வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு 30 நாளுக்குள்ளும் முதலாளி பெஞ்ச் சம்பளம் தொடங்கியாக வேண்டும். "உன் பணத்தைக் கொடு, அதையே சம்பளமாகக் காட்டி பே ரோல் ஓட்டித் தருகிறேன்" என்று சொன்னால் அது மோசடி, மாட்டும்போது நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். மனுவுக்கான வக்கீல் கட்டணம், 500 டாலர் மோசடித் தடுப்புக் கட்டணம், 750 அல்லது 1,500 டாலர் பயிற்சிக் கட்டணம் எல்லாம் முதலாளி தலையில். பாண்ட் என்ற பெயரில் அவற்றை உங்களிடம் பிடிக்கக் கூடாது.

2025 செப்டம்பரில் அதிபரின் அறிவிப்பில் புதிய எச்-1பி மனுக்களுக்கு வந்த ஒரு லட்சம் டாலர் கட்டணத்தைக் காட்டி உங்களிடம் பணம் பறிக்கப் பார்ப்பார்கள். நாட்டுக்குள் இருந்தபடி ஓபிடியிலிருந்து மாறும் மனுவுக்கு அது பொருந்தாது என்று குடியேற்ற அலுவலகம் அதே ஆண்டு அக்டோபரில் விளக்கிவிட்டது. ஆனால் மனு முடிவாகும் முன் ஊருக்குப் போனால் ஸ்டேட்டஸ் மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும், அந்தத் தொகை தலையில் விழும். தங்கை கல்யாணமே ஆனாலும் வக்கீலிடம் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். வேறு பெருநகர வட்டாரத்துக்கு க்ளையண்ட் மாறினால், போவதற்கு முன்பே திருத்த மனு போட்டாக வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்பவரை நம்பிப் போனால் ஸ்டேட்டஸ் உடைவது உங்களுக்கு.

ஆபீசில் யாராவது சொன்னால் என்ன செய்வது என்றீர்கள். பெரும்பாலோர் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். சொன்னால், "அமெரிக்கருக்குக் கணக்கு வராது, அதனால்தான் நாங்கள்" என்ற திமிர்ப் பதிலை மட்டும் எடுத்து விடாதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் தன் வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருப்பார். உங்களுக்கும் அவருக்கும் சம்பளம் ஒன்றானால் பேச்சு அங்கேயே பாதி அடங்கும். அவரிடம் இருக்கும் வேலை நுணுக்கத்தைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், பெயரைச் சொல்லி மீட்டிங்கில் பெருமை கொடுங்கள். மற்றதெல்லாம் அரசியல்வாதிகள் பாடு.

இந்த வாரமே கன்சல்டன்சிக்கு மெயில் போட்டு எல்சிஏ நகல் கேளுங்கள்; வேலையில் சேரும் நாளுக்குள் அவர்கள் அதைத் தந்தாக வேண்டும். இழுத்தால் கவலை வேண்டாம், தொழிலாளர் துறை காலாண்டுக்கு ஒருமுறை எல்லா எல்சிஏ விவரத்தையும் வெளியிடுகிறது, நிறுவனப் பெயர் போட்டுத் தேடலாம். அதில் வேலைக் குறியீடு, கவுண்டி, சம்பள நிலை மூன்றையும் குறித்துக்கொண்டு, துறையின் சம்பளத் தேடல் தளத்தில் ஒப்பிடுங்கள். சாஃப்ட்வேர் டெவலப்பருக்குக் குறியீடு 15-1252. பே ஸ்டப்பில் அதைவிடக் குறைவாக வந்தால் தொழிலாளர் துறையிடம் டபிள்யூஎச்-4 படிவத்தில் புகார் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. பே ஸ்டப், ஆஃபர் லெட்டர், மெயில் எல்லாவற்றையும் கம்பெனி லேப்டாப்பில் வைக்காமல் சொந்தக் கணக்கில் சேமியுங்கள்.