ஸ்டாக் கார் பந்தயத்தில் (சாலைக் கார்களின் தோற்றத்தில் இருக்கும் பந்தயக் கார்கள் மோதும் போட்டி) 'டிராஃப்டிங்' என்றால் என்ன? ரசிகர்களுக்கு அதில் என்ன சுவாரசியம்?

முன்னால் போகும் காரின் பம்பரை ஒட்டி, அதன் காற்று மறைவிலேயே ஓட்டுவதுதான் டிராஃப்டிங்.

அமெரிக்காவின் டேடோனா ஓடுதளத்தில் கார்கள் மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கிப் பறக்கும். அந்த வேகத்தில் பெரிய எதிரி காற்றுதான். முன் கார் காற்றைக் கிழித்து வழிவிடுவதால் பின்னால் வருபவருக்குத் தடை குறைகிறது. எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கும்போது ஒரு பஸ்ஸின் பின்னால் ஒண்டிக்கொண்டால் கால் சட்டென்று லேசாகுமே, அதேதான். (ஆபத்து, செய்து பார்க்காதீர்கள்!)

1960-இல் ஜூனியர் ஜான்சன் என்ற பந்தய ஓட்டுநர், மற்றவர்களைவிட வேகம் குறைந்த ஷெவர்லே காரை வைத்துக்கொண்டு இந்த வித்தையால்தான் டேடோனா 500 பந்தயத்தை வென்றார். ரசிகர்களை இழுப்பதும் இதுதான். நல்ல கார் மட்டும் போதாது, சேர்ந்து டிராஃப்டிங் செய்ய ஒரு கூட்டாளி வேண்டும். அப்புறம் கடைசிச் சுற்றில் அந்தக் கூட்டாளியே விலகி முந்தப் பார்ப்பார்! 2016 டேடோனா 500-இல் டென்னி ஹாம்லின் ஜெயித்தது வெறும் 0.010 நொடி வித்தியாசத்தில். கண் சிமிட்டியிருந்தால் போச்சு.

பின்னால் வருபவர் ஓசியில் சவாரி செய்கிறார், முன்னவருக்கு நஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் முன் காரைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுச் சுழலும் குறைவதால், இரண்டு கார்களுமே தனியாக ஓடுவதைவிட வேகமாகப் போகும்.