பாக்கி, கெடு, திவால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் அமெரிக்க பையர் டெலவேரில் ‘சாப்டர் 11’ (கம்பெனியை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைக்கும் திவால் முறை) மனு போட்டுவிட்டார். ஒரு கன்டெய்னர் கடலில் இருக்கிறது. இன்னொன்று மனுவுக்கு 12 நாள் முன்பு அவர் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தது. பழைய பாக்கியும் உண்டு. இரண்டு மாதம் முன்பு ஒரு பெரிய தொகை அனுப்பினார். எதைக் காப்பாற்ற முடியும்?
*ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்*

முதலில் கடலில் இருப்பதைப் பாருங்கள், அதற்குத்தான் நேரமில்லை. பையர் நொடித்துவிட்டார் என்று தெரிந்தால் வழியிலேயே சரக்கை நிறுத்திவைக்க அமெரிக்க வணிகச் சட்டம் விற்பவருக்கு உரிமை தருகிறது. ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் (சரக்கைக் கப்பல் கம்பெனியிடம் பெற உரிமை தரும் சீட்டு) உங்களிடமோ உங்கள் வங்கியிடமோ இருந்தால் இன்றே கப்பல் கம்பெனிக்கும் பார்வர்டருக்கும் எழுத்தில் தகவல் கொடுங்கள். டெலெக்ஸ் ரிலீஸ் (ஒரிஜினல் சீட்டு இல்லாமலே சரக்கைக் கொடுக்கலாம் என்ற சம்மதம்) கொடுத்துவிட்டீர்கள் என்றால் பிடி தளர்ந்துவிட்டது. சரக்கு அவர் கைக்குப் போகும் முன் முந்திக்கொள்வது ஒன்றே வழி. முழுப் பணம் வந்தால்தான் சரக்கு என்று நீங்கள் சொல்வதில் தவறில்லை.

கிடங்குக்குப் போன சரக்குதான் உங்களுக்கு நல்ல செய்தி. மனு போட்ட நாளுக்கு முந்தைய 20 நாட்களுக்குள் பையர் பெற்றுக்கொண்ட சரக்கின் மதிப்பு, திவால் சட்டத்தின் 503(பி)(9) பிரிவின்படி நிர்வாகச் செலவுக்கு (திவால் வழக்கை நடத்த ஆகும் செலவு) சமமாக வரிசையில் முன்னே நிற்கும். நீங்களாக விட்டுக்கொடுத்தால் ஒழிய, அதை முழுதாகக் கொடுக்க ஏற்பாடு இல்லாமல் மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்காது. ஆனால் வழக்கு சாப்டர் 7 கலைப்புக்கு மாறி, கையிருப்பும் வற்றிவிட்டால் இந்த முன்னுரிமையும் முழுப் பணம் தராது.

‘பெற்றுக்கொண்ட நாள்’ எது என்பதில்தான் சண்டை வரும். எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றுவதோடு விற்பவர் பொறுப்பு முடியும்) விற்பனையில் தூத்துக்குடியில் கப்பல் ஏறியதுமே சரக்கு தங்களுடையதாகிவிட்டது, எனவே அன்றே பெற்றுக்கொண்டோம் என்று எதிர்த்தரப்பு வாதிடலாம். பயணமே 20 நாளுக்கு மேல் ஆவதால், அந்த வாதம் எடுபட்டால் நமக்கு ஒன்றும் மிஞ்சாது. வேர்ல்ட் இம்போர்ட்ஸ் வழக்கில் சீன ஏற்றுமதியாளர்களுக்கு எதிராக இதே வாதம் வைக்கப்பட்டது. டெலவேரைக் கட்டுப்படுத்தும் மூன்றாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-ல் அதை ஏற்கவில்லை: பையரோ அவருடைய ஏஜென்ட்டோ சரக்கைக் கையில் வாங்கிய நாளே கணக்கு. எனவே கிடங்கு ரசீதையும் துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் வெளியேறிய பதிவையும் இப்போதே வாங்கி வையுங்கள். பையரின் சொல்படி நேராக அவருடைய வாடிக்கையாளருக்கு அனுப்பிய சரக்குக்கு இந்தச் சலுகையை டெலவேர் திவால் நீதிமன்றம் மறுத்திருக்கிறது. சலுகை சரக்குக்கு மட்டுமே. சேவைக் கட்டணங்களுக்குக் கிடையாது.

பழைய பாக்கியைக் கோர 410-ம் எண் படிவம். நீதிமன்றம் குறிக்கும் கடைசித் தேதிக்குள், அது நியமிக்கும் ஏஜென்ட்டின் இணையதளத்திலேயே பதியலாம், கட்டணம் இல்லை. இதில் டாலருக்குச் சில சென்ட் கிடைத்தாலே அதிகம்.

இரண்டு மாதம் முன்பு வந்த தொகைதான் எனக்குக் கவலை தருகிறது. மனுவுக்கு முந்தைய 90 நாட்களில் பழைய கடனுக்காகக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியும். வழக்குப் போடத் திவால் தரப்புக்குப் பொதுவாக 2 ஆண்டு அவகாசம். வழக்கமாக எத்தனை நாளில் பணம் வருமோ அதே போக்கில் வந்தது என்று காட்டினால் தப்பிக்கலாம். இரண்டு வருடப் பட்டுவாடாத் தேதிகளை அட்டவணை போடுங்கள். ‘பணம் வராவிட்டால் அடுத்த ஷிப்மென்ட் கிடையாது’ என்று அப்போது மிரட்டி மெயில் போட்டிருந்தால் அந்த வாதம் பலவீனமாகும். அந்தப் பணம் வந்தபிறகு கடனுக்கு அனுப்பிய புதுச் சரக்கையும் கழிக்கக் கேட்கலாம். இன்னொன்று: 410 படிவம் போட்டதுமே அந்தத் திவால் நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு நீங்களாக உட்பட்டதாகிவிடும். வர வேண்டியது சிறிதாகவும் திருப்பித் தர வேண்டியது பெரிதாகவும் இருந்தால், படிவம் போடும் முன் அமெரிக்க வக்கீலைக் கேளுங்கள். இ.சி.ஜி.சி. (ஏற்றுமதிக் கடன் காப்பீடு) பாலிசி இருந்தால் அதிலுள்ள அறிவிப்புக் கெடு தனி, அதைத் தவறவிடாதீர்கள்.

வார்ப்பட பாகங்கள் சப்ளை செய்தோம். வட்டியோடு 1 கோடியே 10 லட்சம் பாக்கி. என்.சி.எல்.டி.க்கு (திவால் மனுக்களை விசாரிக்கும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) போனால் பயந்து கொடுத்துவிடுவார்களா?
*ஒரு சிறுதொழில் முனைவோர், கோவை*

கொடுப்பவர்களும் உண்டு. ஆனால் மூன்று இடத்தில் மனு சறுக்கும். முதலாவது, திவால் மனு போட 2020 மார்ச் 24 முதல் குறைந்தபட்சப் பாக்கி 1 கோடி ரூபாய். வட்டி சேர்ந்தால்தான் கோடி தாண்டுகிறது என்றால், பர்ச்சேஸ் ஆர்டரில் வட்டிக்கு ஒப்புக்கொண்ட வரி வேண்டும். உங்கள் இன்வாய்ஸில் நீங்களே அச்சடித்த வரியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இரண்டாவது, பாக்கி விழுந்து 3 ஆண்டு ஆகியிருக்கக் கூடாது. இடையில் அவர்கள் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டிருந்தால் அங்கிருந்து புதுக்கணக்கு.

மூன்றாவதுதான் பெரும்பாலானோரைக் கவிழ்ப்பது. இந்தியத் திவால் சட்டத்தின் 8-வது பிரிவின்படி நோட்டீஸ் அனுப்பி 10 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸுக்கு முன்பே தரம் பற்றித் தகராறு இருந்தால் மனு தள்ளுபடி. மொபிலாக்ஸ் வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தகராறு ஜெயிக்குமா என்று பார்க்க வேண்டாம், அது வெறும் பொய்ச்சாக்கு இல்லை என்றால் போதும். வார்ப்பில் காற்றுத்துளை என்று அவர்கள் என்றோ அனுப்பிய ரிஜெக்‌ஷன் நோட் உங்கள் ஃபைலில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

உதயம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) சப்ளைக்கு முன்பே எடுத்திருந்தால் குறுசிறு தொழில் வசதியாக்க மன்றத்துக்குப் போவதையே நான் சொல்வேன். தரத் தகராறு இருந்தாலும் அங்கே விசாரிப்பார்கள். வட்டி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. என்.சி.எல்.டி.யில் மனு ஏற்கப்பட்டால் அதன்பின் முடிவெடுப்பவர்கள் வங்கிகள். சப்ளையருக்குக் குறைந்தபட்ச உத்தரவாதம் கலைப்பு மதிப்பில் அவருக்குரிய பங்குதான். பல வழக்குகளில் அது பூஜ்யம்.

திவால் வழக்கில் கம்பெனிக்குத் தீர்வுத் திட்டம் ஒப்புதலாகி வேறு ஆள் எடுத்துக்கொண்டார். நான் டைரக்டர் பதவியையும் விட்டுவிட்டேன். ஆனாலும் ஜாமீன் கையெழுத்துக்காக வங்கி நோட்டீஸ் வருகிறது. சரியா?
*ஒரு வாசகர், சென்னை*

சரிதான். திட்டம் ஒப்புதலானதால் மட்டும் ஜாமீன்தாரர் விடுபடமாட்டார் என்று லலித் குமார் ஜெயின் வழக்கில் 2021 மே மாதம் தீர்ப்பாகிவிட்டது. பதவி விலகல் ஜாமீனை ரத்து செய்யாது. ஜாமீன்தாரர் மீது கடன்கொடுத்தவர் திவால் மனு போடும் 95-வது பிரிவின் நடைமுறை செல்லும் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த மனு பதிவானதுமே உங்கள் கடன்கள் மீதான வழக்குகளுக்கு இடைக்காலத் தடை வரும். செக் பவுன்ஸ் வழக்குக்கு வராது. திட்ட நகலை வாங்கி, வங்கிக்கு ஏற்கெனவே போன தொகையை உங்கள் கணக்கில் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அங்கே பிழை இருந்தால் அதுவே உங்கள் முதல் எதிர்வாதம்.

லண்டனில் கடன்கொடுத்தோரில் ஒரு பிரிவே எதிர்த்து ஓட்டுப்போட்டாலும் கடன் மறுசீரமைப்புத் திட்டத்தைத் திணிக்க முடியுமாமே?
*ஒரு சட்ட மாணவி, மதுரை*

முடியும். 2020-ல் வந்த மறுசீரமைப்புத் திட்ட முறையில் ஒரு பிரிவின் ஒப்புதலுக்கு மதிப்பில் 75 சதவீதம் வேண்டும். அது கிடைக்காத பிரிவின் மீதும் நீதிமன்றம் திட்டத்தைச் சுமத்தலாம். அதற்கு, திட்டம் இல்லாவிட்டால் நடக்கக்கூடியதைவிட அந்தப் பிரிவின் நிலை மோசமாகக் கூடாது. உண்மையான பொருளாதார நலன் உள்ள வேறொரு பிரிவாவது ஆதரித்திருக்க வேண்டும். இது போதும் என்று கம்பெனிகள் நினைத்திருந்தன. ஆனால் 2024 ஜனவரியில் அட்லர் கம்பெனியின் திட்டத்துக்குக் கொடுத்த ஒப்புதலை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 ஜூலையில் பெட்ரோஃபாக் திட்டத்துக்கும் அதே கதி: மோசமாகவில்லை என்று காட்டினால் மட்டும் போதாது, மறுசீரமைப்பால் விளையும் லாபத்தை நியாயமாகப் பங்கிட்டிருக்கிறார்களா என்றும் பார்ப்போம் என்றார்கள். தேர்வுக்கு எழுதுவதென்றால் பெட்ரோஃபாக்கோடு தேம்ஸ் வாட்டர் தீர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள். அதில் 2025-ல் அதே நீதிமன்றம் திட்டத்தை அனுமதித்தது.